ரோட்டுக்கும் காட்டுக்கும் ஒரே சப்பாத்தாம்: வன்னியில் ஓடிப் பார்த்தேன்

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நேரமில்லாதவர்கள் இதோடு போய்விடலாம். கிரவல் வீதியிலும் குளக்கட்டிலும் ஓடுகிற ஆளென்றால் இந்தச் சப்பாத்தை வாங்கலாம். கண்டி–யாழ்ப்பாணம் நெடுஞ்சாலையான ஏ9 இல், தார் ரோட்டில் மட்டும் ஓடுகிற ஆளென்றால் வேண்டாம், அந்தக் காசுக்கு இதைவிட நல்ல ரோட்டுச் சப்பாத்து கிடைக்கும். காட்டுப் பாதைக்கும் போகலாம், ஆனால் முள்ளைப் பற்றி நான் கீழே எழுதியிருப்பதை வாசித்துவிட்டுப் போங்கள்.

கம்பனியின் பெயரைப் போடப் போவதில்லை. குறை சொல்லத்தான் போகிறேன், அதோடு இது ஒரு கம்பனியின் கதையும் இல்லை. ஓட்டச் சப்பாத்து செய்கிற பெரிய கம்பனிகள் பலவும் இப்போது இந்த வகையில் ஒன்றை விற்கின்றன. வீட்டு வாசலில் தொடங்கித் தாரில் ஓடி, அப்படியே காட்டுப் பாதைக்குள் இறங்கி, திரும்பத் தாரில் ஏறி வீட்டுக்கு வருகிறவனுக்கென்று செய்தது. மேலே பார்த்தால் சாதாரண ரோட்டுச் சப்பாத்து, புரட்டிப் பார்த்தால் அடியில் சின்னச் சின்னப் பற்கள். என்னுடையதில் அந்தப் பல் 3 மில்லிமீற்றர் உயரம். முழுக்க மலையிலும் சேற்றிலும் ஓடுகிறவர்களின் சப்பாத்தில் 4, 5 மில்லிமீற்றர் இருக்கும், சிலதில் அதற்கு மேலும் போகும். குதிக்காலுக்கும் முன்பாதத்துக்கும் உயர வித்தியாசம் 8 மில்லிமீற்றர், அது ரோட்டுச் சப்பாத்து போட்டுப் பழகியவர்களுக்கு வித்தியாசமாகத் தெரியாது. நீங்கள் எந்தக் கம்பனியின் சோடியைக் கையில் எடுத்தாலும் இந்த இரண்டு எண்ணையும் பாருங்கள், பெட்டியில் எழுதியிருக்கும் மற்றக் கதையெல்லாம் விளம்பரம்.

வெளிநாட்டில் இந்த வகைச் சப்பாத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் வசந்தகாலத்து நீள ஓட்டம் என்று தொடங்குவார்கள். பனி உருகின சேறு, ஈர இலை, குளிர்ந்த காலை, ஓடை கடக்கும்போது கால் நனைவது. அவர்களுடைய கேள்வி ஒன்றே ஒன்று: சேற்றில் வழுக்குமா? நமக்கு அதே மாதங்கள் பங்குனி, சித்திரை. பெரும்போக அறுவடை முடிந்து வயலெல்லாம் வெட்டின தாளோடு கிடக்கும், குளத்தில் தண்ணீர் இன்னும் இருக்கும், காடும் பச்சையாகவே இருக்கும், வேம்பு பூத்து வழியெல்லாம் வாசம், கொன்றை மஞ்சளாகத் தொங்கத் தொடங்கியிருக்கும். பார்க்க அழகுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஏப்ரல் 5 தொடங்கி 15 வரை சூரியன் இலங்கையின் தெற்கிலிருந்து வடக்காகத் தலைக்கு நேர் மேலே நகர்ந்து போகிறது, வன்னிக்கு மேலே அது வருவது சரியாகப் புத்தாண்டை ஒட்டி. காலை ஒன்பது மணிக்கே தார் சுடத் தொடங்கிவிடும். பின்னேரம் சில நாட்களில் இடியோடு மழை கொட்டும், மற்ற நாட்களில் வெறும் புழுக்கம். ஆகவே சேறு நமக்கு இரண்டாவது கேள்வி. முதல் கேள்விகள் தூசி, சூடு, முள். இந்த மூன்றைப் பற்றியும் நான் வாசித்த எந்த மதிப்புரையிலும் ஒரு வரி இல்லை, அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

நான் ஓடுகிற வழி இது. கிளிநொச்சி டவுனில் தொடங்கி ஏ9 ஆல் தெற்கே இரணைமடுச் சந்தி, சந்தியால் திரும்பிக் குளம், குளக்கட்டு, பிறகு வாய்க்கால் ஓரக் கிரவல் வீதிகளில் ஒரு சுற்று, பிறகு ஊர் ஆட்கள் சைக்கிளிலும் மோட்டார் சைக்கிளிலும் போகிற காட்டுத் தடத்தைப் பிடித்துத் திரும்ப ஏ9 இல் ஏறி முறிகண்டியில் முடிவு. சுற்றுகிற விதத்தைப் பொறுத்து 25 கிலோமீற்றரும் வரும், 30உம் வரும். முடிவில் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய், எனக்கு ஒரு சுருள் கச்சான், பிறகு வருகிற பஸ்ஸுக்குக் கையைக் காட்டினால் கிளிநொச்சி. மரதன் ஓட்டம் 42.195 கிலோமீற்றர், அதற்குத் தயார் செய்கிற எவருக்கும் வாரத்தில் ஒரு நீள ஓட்டம் வேண்டும், அந்த ஒன்றிலேயே தார், கிரவல், மணல், காடு எல்லாம் கிடைக்கிற இடம் வன்னியை விட்டால் அதிகம் இல்லை.

தாரில் இருந்து தொடங்குவோம். ஏ9 இப்போது நல்ல காபற் ரோட்டு. அதில் இந்தச் சப்பாத்து ஓடும், ஆனால் சந்தோஷமாக ஓடாது. பல் தரையில் படுகிற சத்தம் ஒரு பக்கம், ரோட்டுச் சப்பாத்தில் இருக்கிற அந்தத் தள்ளிவிடுகிற துள்ளல் இதில் இல்லை என்பது இன்னொரு பக்கம். அதைவிட முக்கியம் தேய்மானம். முன்பாதத்துக்குக் கீழே நடுவிலுள்ள பற்கள்தான் முதலில் போகும், ஓரத்தில் இருப்பவை புதிதாகவே இருக்கும். என் சோடியில் நடு வரிசை பாதியாகிவிட்டது, காட்டில் பிடிமானம் தர வேண்டியதும் அதே நடு வரிசைதான். தாரில் ஓட ஓடக் காட்டுக்கு ஆகாமல் போகிற சப்பாத்து இது. விற்கிறவர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள்.

ஆனால் ஏ9 இல் இதற்கு ஒரு உபயோகம் உண்டு, அது நான் எதிர்பாராதது. நம் நாட்டில் வாகனம் இடப் பக்கம் போகும், ஆகவே ஓடுகிறவன் வலப் பக்கம், எதிரே வருவதைப் பார்த்துக்கொண்டு ஓட வேண்டும். அப்படி ஓடினாலும் ஒரு பஸ் இன்னொரு பஸ்ஸை முந்திக்கொண்டு பின்னாலிருந்து உங்கள் பக்கத்துக்கே வரும், அந்த முந்துகிறவருடைய கணக்கில் ஓரத்தில் ஓடுகிறவன் என்று ஒரு ஆள் கிடையவே கிடையாது. அந்த நேரத்தில் தாரை விட்டு ஓரக் கிரவலுக்குப் பாய வேண்டும், தாருக்கும் ஓரத்துக்கும் நடுவே சில இடங்களில் அரையடிப் பள்ளம். வழவழப்பான ரோட்டுச் சப்பாத்தோடு பாய்ந்தால் கால் இழுபடும். இந்தப் பல் அங்கே நச்சென்று பிடிக்கிறது. வெள்ளாப்பில் ஓடும்போது ரோட்டிலே படுத்திருக்கிற மாடுகளைச் சுற்றிப் போகவும் அப்படித்தான் ஓரத்தில் இறங்க வேண்டியிருக்கும். குதியில் ஒரு ஒளி மின்னுகிற பட்டி வைத்திருக்கிறார்கள், விரல் நீளம், அதை நம்ப வேண்டாம். வீதி வேலை செய்கிறவர்கள் போடுகிற பச்சை நிற மின்னும் அங்கி ஹாட்வெயார் கடைகளில் மலிவாகக் கிடைக்கும், அதைப் போடுங்கள்.

ஏ9 இல் இன்னொன்றும் நடக்கும், அதற்குச் சப்பாத்தால் ஒன்றும் செய்ய முடியாது. மோட்டார் சைக்கிளில் வருகிற ஒரு ஐயா வேகத்தைக் குறைத்து, "என்ன தம்பி, பஸ்ஸை விட்டிட்டீங்களோ? ஏறுங்கோ, சந்தியில இறக்கி விடுறன்" என்பார். இல்லை ஐயா, பயிற்சிக்கு ஓடுறன் என்றால், கொஞ்ச நேரம் பக்கத்திலேயே உருட்டிக்கொண்டு வந்து, "இந்த வெயிலுக்கையோ?" என்று ஒரு கேள்வி. பதில் சொன்னால் மூச்சு போகும், சொல்லாவிட்டால் மரியாதையில்லை. நான் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு ஓடுவேன்.

சூட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். சப்பாத்தின் நடுவில் இருக்கிற மெத்தை ஒரு வகை நுரை, பெரும்பாலும் ஈவிஏ அல்லது அதோடு வேறு ஏதாவது கலந்தது. அந்த நுரை குளிரில் இறுகும், சூட்டில் இளகும். ஐந்தரைக்கு வெளிக்கிடும்போது கால் தரையில் பட்டுத் திரும்புவது தெளிவாகத் தெரியும். எட்டரை ஒன்பதாகி, கடைசிக் கிலோமீற்றர்களுக்காகத் தாரில் ஏறும்போது அதே சப்பாத்து கொழகொழவென்று அமுங்குகிறது, குதி ஒரு பக்கம் சாய்கிற மாதிரி இருக்கிறது. களைப்பினால் அப்படித் தெரிகிறதோ என்று முதலில் சந்தேகப்பட்டேன், ஆனால் அதே தூரத்தை மழை பெய்து குளிர்ந்த காலையில் ஓடும்போது அந்த அமுக்கம் இல்லை. உச்சி வெயிலில் தாரின் மேற்பரப்பு 60 பாகை செல்சியஸைத் தொடக்கூடியது, ஒன்பது மணிக்கு அவ்வளவு இராது என்றாலும் நுரை இளகுவதற்கு அதெல்லாம் தேவையில்லை. மெத்தை கூடிய சப்பாத்துதான் நீள ஓட்டத்துக்கு நல்லது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்கிறவர்கள் ஒரு சித்திரை மாதம் இங்கே வந்து ஓடிப் பார்க்கட்டும். வாங்கும்போது பெருவிரலால் மெத்தையை அமுக்கிப் பாருங்கள், ஏசி போட்ட கடைக்குள்ளேயே மெத்தென்று இருந்தால் வன்னிக்கு அது கூடிப்போய்விடும்.

இனி கிரவல். இதற்காகத்தான் இந்தச் சப்பாத்து பிறந்தது என்று தோன்றுகிறது, செய்தவர்கள் கிரவலைக் கண்டிருக்கவே மாட்டார்கள் என்றாலும். குளக்கட்டில் மண் இறுகிப்போய் மேலே மட்டும் உருண்டைக் கற்கள் தளர்ந்து கிடக்கும், வெறும் ரோட்டுச் சப்பாத்தோடு ஓடினால் கடலை கொட்டின சீமெந்துத் தரையில் ஓடுகிற மாதிரி இருக்கும். 3 மில்லிமீற்றர் பல் அந்தக் கற்களுக்கு நடுவே இறங்கி இறுகின மண்ணைத் தொடுகிறது. அதைவிட உயரமான பல் இருந்தால் கற்களின் மேல் நின்றுகொண்டு ஆடும், என்னோடு ஓடுகிற தம்பி ஒருவன் 5 மில்லிமீற்றர் பல்லுள்ள மலைச் சப்பாத்தோடு வந்து கணுக்காலை இரண்டு பக்கமும் மடக்கி மடக்கி ஓடினான். இரணைமடு கனகராயன் ஆற்றை மறித்துக் கட்டினது, நூறு வருடம் தாண்டிய குளம், அதன் கட்டில் விடியும்போது ஓடுவது எனக்கு இந்த வழியிலேயே பிடித்த பகுதி. ஒரு பக்கம் நீர், ஒரு பக்கம் கீழே வயல், காற்றும் இருக்கும், வேகத்தைப் பற்றி யோசிக்காமல் காலை அதன் பாட்டுக்கு விட்டுவிடலாம். கனகாம்பிகை அம்மன் கோயிலடியில் தண்ணீர் குடித்துக்கொண்டு ஒரு நிமிடம் நிற்பேன்.

சரி, கிரவலில் பிடிமானம் பத்துக்குப் பத்து. தூசிக்கு நான் மூன்றுதான் கொடுப்பேன். மேல் துணி வலை, காற்றுப் போக வேண்டுமென்று பெரிய கண்ணாக விட்டிருக்கிறார்கள். குளிர் நாட்டில் ஏன் அவ்வளவு காற்று என்று கேட்கத் தோன்றுகிறது, அது கிடக்கட்டும். சிறுபோகத்துக்கு உழவு தொடங்கும் நேரம், ட்ரக்டர் போய்வந்து வாய்க்கால் ஓர வீதியெல்லாம் மாவாகப் பொடிந்து கிடக்கும். அந்தச் செம்மண் பொடி வலைக்குள்ளால் போய்ச் சொக்ஸுக்குள் இறங்கி, வியர்வையோடு குழைந்து, விரல்களுக்கு நடுவே உரசத் தொடங்கும். ஓடி முடித்துச் சப்பாத்தைக் கழற்றினால் வெள்ளைச் சொக்ஸ் முன்பாதத்தில் மட்டும் செங்கல் நிறம், வலையின் கண்கள் எப்படி அடுக்கியிருக்கின்றனவோ அப்படியே புள்ளி புள்ளியாக அச்சு விழுந்திருக்கும், அதை உரித்தால் சின்ன விரலுக்குக் கீழே தோல் வெளுத்துச் சுருங்கி ஒரு கொப்புளம். நாக்கு இரண்டு பக்கமும் தைத்து மூடியிருப்பது நல்ல விஷயம், அந்த வழியால் கல் போகாது. ஆனால் கணுக்காலடியால் போகும். வெளிநாட்டில் இதற்கென்று கணுக்கால் மூடி தனியாக விற்கிறார்கள். நான் பழைய நீள்கை பெனியனின் கையைக் கொண்டுபோய்க் கொடுத்து, கீழே இலாஸ்ரிக்கும் பின்னால் ஒட்டுப் பட்டியும் வைத்துத் தைக்கச் சொன்னேன். தையல்கார அக்கா, "இது என்னத்துக்குத் தம்பி, காலிலை காயமோ?" என்று கேட்டுக்கொண்டே தைத்துத் தந்தார். கல் போவது நின்றுவிட்டது, தூசி பாதி குறைந்தது. கால் விரல் ஒவ்வொன்றுக்கும் தனி உறை வைத்த சொக்ஸ் கிடைத்தால் வாங்குங்கள், அல்லது ஓடப் போக முன் விரலுக்கு நடுவே வசிலின் பூசுங்கள், அது மலிவு.

காடு. பாலையும் வீரையும் முதிரையும் நிற்கிற காட்டுக்குள் தடம் இறங்கியதும் வெயில் ஒரு படி குறையும், அந்த நிமிடம் உடம்புக்குத் தெரியும். இலைச்சருகு, அதற்குக் கீழே மணலும் செம்மண்ணும் கலந்த தரை, குறுக்கே வேர். பிடிமானம் போதும். முன்னால் விரலைக் காக்கிற ரப்பர் மூடி கட்டாயம் வேண்டும், இதில் இருக்கிறது, ஆனால் மெல்லியது. பாலை வேரில் ஒரு தரம் இடித்தால் உயிர் போய் வரும், நகம் போகாது, அவ்வளவுதான் அதன் பாதுகாப்பு.

முள்ளுக்கு வருவோம். நெருஞ்சி ஒரு பொருட்டே இல்லை, அது பல்லில் ஒட்டிக்கொண்டு டக் டக் என்று சத்தம் போடும், நின்று சுரண்டிவிட்டால் சரி. பிரச்சினை விடத்தல். வேலிக்கு வெட்டினது, மாட்டுக் கொட்டிலுக்கு வெட்டினது என்று காய்ந்த கொப்பு தடத்தில் கிடக்கும், அதன் முள் இரும்பாணி. சைக்கிள் டயரை ஓட்டையாக்குகிற சாமான், நுரைக்கு என்ன மரியாதை கொடுக்கும்? இந்தச் சப்பாத்தில் பற்களுக்கு நடுவே ரப்பர் முழுதாக இல்லை, பாரம் குறைப்பதற்காக இடையிடையே வெட்டி நுரையை வெளியே விட்டிருக்கிறார்கள். முள் சரியாக அந்த இடத்தைத் தேடிப் பிடிக்கும். முதலில் ஒன்றும் தெரியாது. கொஞ்சத் தூரம் போனபின் ஒவ்வொரு அடிக்கும் பெருவிரலுக்குப் பின்னால் ஒரு ஊசி நுனி தொட்டுத் தொட்டுப் போகும். கழற்றிப் பார்த்தால் வெளியே ஒரு சின்னக் கறுப்புப் புள்ளி, அவ்வளவுதான், மீதியெல்லாம் உள்ளே முறிந்து நிற்கிறது. நகத்தால் வராது. நான் இப்போது சேப்டிப் பின்னும் புருவம் பிடுங்குகிற சின்னக் குறடும் இடுப்புப் பையில் வைத்துக்கொண்டுதான் போகிறேன். சேப்டிப் பின்னைக் கொண்டு சுற்றியுள்ள நுரையைக் கொஞ்சம் விலக்கி, முள்ளின் தலையை வெளியே எடுத்து, நேராக இழுக்க வேண்டும், சாய்த்து இழுத்தால் இன்னொரு துண்டு உள்ளே போகும். உண்மையான காட்டுச் சப்பாத்து சிலதில் மெத்தைக்கும் அடி ரப்பருக்கும் நடுவே கெட்டியான ஒரு தகடு வைக்கிறார்கள், கல்லுக்காக வைப்பது, நமக்கு முள்ளுக்கு உதவும். இந்த வகையில் பெரும்பாலும் அது இல்லை. வேலி நிறைந்த பக்கம் அதிகம் ஓடுகிறவர்கள், மன்னார்ப் பக்கம் உடை மரம் நிற்கிற இடங்களில் ஓடுகிறவர்கள், தகடு உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள், இதை வாங்காதீர்கள்.

சப்பாத்தோடு சம்பந்தமில்லாத ஒரு விஷயம், ஆனால் வன்னியில் காட்டு ஓட்டம் என்று எழுதிவிட்டு இதைச் சொல்லாமல் விட முடியாது. தடத்தை விட்டு இறங்காதீர்கள். அவசரத்துக்கு ஒதுங்குவதென்றாலும் தடத்தின் ஓரத்திலேயே ஒதுங்குங்கள், யாரும் பார்க்க மாட்டார்கள். போர் முடிந்தது 2009 இல், கண்ணிவெடி எடுக்கிற வேலை இன்னும் முடியவில்லை. ஹலோ ட்ரஸ்ட், மாக் போன்ற அமைப்புகள் 2002 இலிருந்து வடக்கில் இந்த வேலையைச் செய்துவருகின்றன. மண்டையோடு போட்ட சிவப்புப் பலகையோ சிவப்புத் தடியோ கண்டால் கடிகாரத்தில் எத்தனை கிலோமீற்றர் மிச்சம் என்று பார்க்காமல் வந்த வழியே திரும்புங்கள். வெளிநாட்டிலிருந்து லீவில் வந்து, கைபேசியின் படத்தில் ஒரு கோடு தெரிகிறது என்று அதைப் பிடித்துக்கொண்டு காட்டுக்குள் ஓட நினைக்கிறவர்களுக்கு இது இரண்டு மடங்கு. அந்தக் கோடு பாதுகாப்பானதா என்று படம் போட்டவனுக்குத் தெரியாது, அங்கே மாடு மேய்க்கிறவருக்குத் தெரியும், அவரிடம் கேளுங்கள்.

யானையும் அப்படித்தான். ஒட்டுசுட்டான், முத்தையன்கட்டு, நெடுங்கேணிப் பக்கங்களில் விடியப் புறமும் பொழுதுபடவும் யானை நடமாட்டம் இருக்கும், ஆகவே அந்தப் பக்கத்தில் நீள ஓட்டம் என்றால் முதல் பகுதியைத் தாரிலும் ஊருக்குள்ளும் வைத்துக்கொண்டு, நன்றாக விடிந்த பிறகு காட்டுக்குப் போவது புத்தி. யானையின் புது இலத்தி கண்டால் திரும்புங்கள். காதில் பாட்டுக் கேட்டுக்கொண்டு ஓடாதீர்கள், யானை ஒருபுறம் இருக்க, கரடியும் இந்தக் காடுகளில் உண்டு, திடீரென்று அதன் முன்னால் போய் நிற்கிற ஓட்டக்காரனை அதற்குப் பிடிக்காது. சப்பாத்து எவ்வளவு விலையானாலும் இதற்கு ஆகாது.

மழை பெய்த பிறகு எப்படி? வயல் ஓரத்துக் களிமண்ணில் சுத்தமாக ஆகாது. 3 மில்லிமீற்றர் பல் பத்து அடிக்குள் நிரம்பிவிடும், அதன் பிறகு நீங்கள் ஓடுவது களிமண் அடி வைத்த சப்பாத்தில், ஒவ்வொரு காலும் ஒரு கிலோ. காட்டு மணல் தடத்தில் மழைக்குப் பிறகுதான் ஓட்டம் இன்னும் நன்றாக இருக்கும், தூசி அடங்கி மணல் இறுகிவிடும். வலைத் துணி என்பதால் நனைந்தாலும் தண்ணீர் சீக்கிரம் வடிகிறது, தூசிக்குக் குறைத்த மதிப்பெண்ணில் கொஞ்சத்தை இங்கே திருப்பிக் கொடுக்கிறேன். இடி முழங்கினால் குளக்கட்டில் நிற்காதீர்கள், அங்கே உயரமான ஒரே சாமான் நீங்கள்தான்.

அளவு. இதில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். செருப்போடும் வெறுங்காலோடும் வளர்ந்த கால் முன்னால் அகலம், விரல் விரிந்திருக்கும். இந்தச் சப்பாத்துகளின் அச்சு பெரும்பாலும் ஒடுங்கின காலுக்கு. இதோடு நீள ஓட்டத்தில், அதுவும் சூட்டில், கால் வீங்கும். காலையில் கடையில் போட்டுப் பார்த்துச் சரியாக இருக்கிறது என்று வாங்கினால் 20 கிலோமீற்றருக்குப் பிறகு சின்ன விரல் அழும், இறக்கத்தில் பெருவிரல் நகம் கறுக்கும். பின்னேரத்தில், ஓடும்போது போடுகிற அதே சொக்ஸோடு, நின்றுகொண்டு அளவு பாருங்கள், நீளமான விரலுக்கு முன்னால் ஒரு பெருவிரல் அகலம் இடம் இருக்க வேண்டும். அகலக் காலுக்கு 2ஈ என்று எழுதின அளவு சில கம்பனிகளில் உண்டு, கொழும்பிலே அது கிடைப்பது அரிது. என்னுடையதை மச்சான் கனடாவிலிருந்து வரும்போது கொண்டுவந்தார், வெள்ளைத் தாளில் காலை வைத்துக் கோடு போட்டுப் படம் எடுத்து அனுப்பினேன், அவர் கடையில் அதைக் காட்டி வாங்கியிருக்கிறார். அந்த வழி நல்ல வழி. கடைசித் துளையையும் சேர்த்துக் கயிற்றைக் குதியோடு இறுக்கிக் கட்டினால் முன்னால் தளர்வாக விட்டாலும் கால் முன்னுக்கு வழுக்காது.

சந்தையில் இதே பெயரோடு, இதே நிறத்தில், பத்தில் ஒரு பங்கு விலைக்கு ஒன்று கிடைக்கும். அது நடக்கிறதுக்கு நல்லது, கலியாண வீட்டுக்கும் போடலாம். 25 கிலோமீற்றருக்கு வேண்டாம். காசு இல்லையென்றால் ஒரிஜினல் ரோட்டுச் சப்பாத்தில் போன வருடத்து மொடல் ஒன்றைக் கழிவு விலையில் வாங்கிக் கிரவலில் கொஞ்சம் மெதுவாக ஓடுவது எவ்வளவோ மேல். வற்றாப்பளைப் பொங்கலுக்கும் கதிர்காமத்துக்கும் பாட்டாச் செருப்போடு நடக்கிற அம்மாமாரைப் பார்த்தவர்களுக்குச் சப்பாத்தின் விலையைப் பற்றி நான் பெரிதாகப் பேசினால் சிரிப்புத்தான் வரும், ஆனால் அவர்கள் நடக்கிறார்கள், நாம் ஓடுகிறோம், தரையில் கால் விழுகிற பாரம் வேறு.

சாப்பாட்டுக் கதை இந்த மதிப்புரைக்குள் அடங்காது, ஆனாலும் கேட்பார்கள். வெளிநாட்டு ஜெல் பக்கெற் தேவையில்லை, பனங்கட்டித் துண்டும் எள்ளுருண்டையும் போதும், பனங்கட்டியைச் சின்னதாக உடைத்துப் பொலித்தீனில் சுற்றிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் வியர்வையில் கரைந்து பையெல்லாம் எறும்பு. வெறும் தண்ணீரை மட்டும் லீற்றர் கணக்கில் குடித்துக்கொண்டே ஓடாதீர்கள், உப்பு இறங்கித் தலை சுற்றும், சில வேளை ஆபத்தாகவும் முடியும். ஒரு போத்தலில் ஜீவனி (உப்பும் சீனியும் கலந்த தூள்) கரைத்துக் கொண்டு போங்கள். முதல் தடவையே நீள ஓட்டம் வேண்டாம், உடம்பு வெயிலுக்குப் பழக ஏறக்குறைய இரண்டு வாரம் எடுக்கும். ஓடி முடித்து அம்மாச்சி உணவகத்தில் குரக்கன் புட்டும் சம்பலும் சாப்பிடுகிறவர்களுக்கு என் தனிப்பட்ட வாழ்த்து.

பராமரிப்பு சுலபம், பொறுமைதான் வேண்டும். தூசியைக் காய்ந்த நிலையிலேயே பழைய பல் துலக்கியால் தட்டி எடுங்கள், பிறகு கழுவுங்கள், முதலே நனைத்தால் செம்மண் துணிக்குள் ஊறிவிடும், பிறகு அந்த நிறம் போகாது. வெயிலில் காயப்போடவே வேண்டாம். சீக்கிரம் காயும் என்று கூரைத் தகரத்தில் வைக்கிற பழக்கம் எங்கள் வீடுகளில் உண்டு, பசை விட்டுப்போகும், அடி ரப்பர் முனையில் வாயைத் திறக்கும். பழைய பத்திரிகைத் தாளைக் கசக்கி உள்ளே திணித்து நிழலில் வையுங்கள், ஒரு மணித்தியாலத்துக்குப் பிறகு தாளை மாற்றுங்கள். இவ்வளவும் செய்தும் என்னுடையதில் வலக் கால் முனை கொஞ்சம் வாய் திறந்தது. பஸ் நிலையத்தடியில் சப்பாத்துத் தைக்கிற ஐயா அதைப் பசை வைத்து ஒட்டி, நம்பிக்கையில்லாமல் சுற்றிவர நூலும் ஓடவிட்டுத் தந்தார். கம்பனி போட்ட பசையைவிட அவருடைய நூல் நன்றாக நிற்கிறது, மழையில் ஓடியும் பார்த்தாயிற்று.

அடுத்ததாக நான் தேடுவது இதே 3 மில்லிமீற்றர் பல், நெருக்கமான வலை, அகல அச்சு, நுரையை வெளியே விடாத முழு ரப்பர் அடி. பாரம் 30, 40 கிராம் கூடினாலும் பரவாயில்லை. அப்படி ஒன்றை இங்கே யாராவது போட்டு ஓடுகிறீர்கள் என்றால் பெயரையும் அளவையும் எழுதுங்கள், மச்சான் ஆவணியில் மடு மாதா கோயிலுக்கு வருகிறார்.